ஓரிடத்தில் நில்லாத பிள்ளையும் இல்லறத்தார் கடமையும்



சமண முனிவர் உறைந்த இடத்திற்கும் சிறுவர் கற்கும் இடத்திற்கும் தமிழ் 'பள்ளி' என்னும் ஒரே சொல்லை வழங்கியது. அறமும் எழுத்தறிவும் உடன்பிறந்தனவாக வளர்ந்த காலத்தின் நினைவை அச்சொல் இன்றும் சுமந்து நிற்கிறது. காட்டுப்பள்ளி என்னும் ஊர்ப்பெயரைக் கேட்கும் சமணர் செவியில் அவ்விரு பொருளும் ஒலித்தல் இயல்பே. இன்று அவ்வூர் துறைமுகத்தாலும், கப்பல் கட்டும் தளத்தாலும், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீரைக் கடல்நீரிலிருந்து எடுப்பதற்கென 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஆலையாலும் அறியப்படுகிறது.

சமணச் சிற்றூர்களிலிருந்து தொழில் நாடி வந்து, மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் குடியேறும் குடும்பங்களில் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் மட்டுமே இருப்பர். பாட்டனும் பாட்டியும் வந்தவாசிப் பக்கத்திலோ செஞ்சிப் பக்கத்திலோ நிலத்தோடு தங்கிவிடுவர். தந்தைக்கு ஒரு வாரம் பகல் ஷிப்ட். மறு வாரம் இரவு ஷிப்ட். இரவெல்லாம் உழைத்தவர் பகலில் உறங்கும் சிறு வீட்டில் பிள்ளை ஓசையின்றி அமர்ந்திருத்தல் வேண்டும். அமைதியான பிள்ளைக்கே அது கடினம். அமர்ந்திருக்கவே இயலாத பிள்ளைக்கோ அது நாள்தோறும் நிகழும் தண்டனை. இவ்வுரை அத்தகைய பிள்ளையைப் பற்றியது.

அப்பிள்ளையை அனைவரும் அறிவர். வகுப்பில் இருக்கையை விட்டுப் பத்து முறை எழுவான். வினா முடியுமுன் விடை கூறுவான். வரிசையில் நிற்கப் பொறுக்க மாட்டான். எழுதுகோலை நாள்தோறும் தொலைப்பான். கணக்கின் முதல் இரண்டு வரிகளைச் சரியாகப் போட்டு மூன்றாம் வரியில் சாளரத்தின் வழியே வெளியே சென்றுவிடுவான். வீட்டுக்கு வந்தால், "கையைக் கழுவிக்கொண்டு, சீருடையை மாற்றிவிட்டு, பாட நூலை எடுத்துவா" என்னும் தாயின் சொற்களுள் முதலாவது மட்டும் அவன் காதில் நிற்கும். சில நாள் அதுவும் நிற்பதில்லை. ஆசிரியர் அவனைக் குறும்பன் என்பார். சுற்றத்தார் வளர்ப்புச் சரியில்லை என்பர். தந்தை கை ஓங்குவார். நாளடைவில் அப்பிள்ளையும் தன்னைத் தீயவன் என்றே நம்பத் தொடங்குவான். எல்லாவற்றிலும் பெரிய இழப்பு அதுவே.

மாணாக்கர் பலவகையினர் என்பதைத் தமிழில் தெளிவாக எடுத்துரைத்தவர் ஒரு சமணப் பேரறிஞர். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்க நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், அதன் பொதுப்பாயிரத்தில் முதல் மாணாக்கரை அன்னத்திற்கும் பசுவிற்கும், இடை மாணாக்கரை மண்ணிற்கும் கிளிக்கும், கடை மாணாக்கரை இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றிற்கும் உவமை கூறினார். இல்லிக்குடம் என்பது ஓட்டைக் குடம். வார்த்த நீர் அதில் நிற்பதில்லை. ஆடோ, ஒரு செடியில் தழை நிறைந்திருப்பினும் ஆங்கு நின்று மேயாது, ஒரு கடி கடித்துவிட்டு அடுத்த செடிக்குத் தாவும். இற்றை மருத்துவர் ஏ.டி.எச்.டி. எனச் சுருக்கமாகக் குறிக்கும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு உடைய பிள்ளையைப் பார்த்தே எழுதியன போல இவ்விரு உவமைகளும் தோன்றும்.

ஆயினும் பவணந்தியார் மாணாக்கனை வகைப்படுத்தியதோடு நின்றவரல்லர். ஆசிரியனையும் அதே துலாக்கோலில் நிறுத்தார். நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் உவமை கூறிய அவரே, ஆகாத ஆசிரியனைக் கழற்குடத்திற்கும் பருத்திக்குண்டிகைக்கும் ஒப்பிட்டார். பாடம் சொல்லும் முறையைக் கூறுமிடத்தில், கற்பவன் எவ்வாறு ஏற்றுக்கொள்ள வல்லவனோ அவ்வாற்றினை அறிந்து, அவன் உள்ளம் கொள்ளுமாறு வழங்குதல் ஆசிரியன் கடமை என விதித்தார். அவ்விதியே இவ்வுரையின் உயிர்நிலை. பிள்ளை ஏற்கும் வகையை அறிதல் பெரியோர் பொறுப்பு. பெரியோர் வழங்கும் வகைக்குத் தன்னை வளைத்துக்கொள்ளுதல் பிள்ளையின் பொறுப்பன்று.

பாடம் கேட்கத் தகாதார் பட்டியலும் நன்னூலில் உண்டன்றோ என நூலறிந்தோர் வினவலாம். உண்டு. அது, மாணாக்கனைத் தேர்ந்துகொள்ளும் உரிமை ஆசிரியனிடம் இருந்த காலத்தின் நெறி. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வியை உரிமையாக்கிவிட்டது. அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் உடலை வருத்தும் தண்டனையையும் உள்ளத்தை வருத்தும் செயலையும் ஒருங்கே தடை செய்கிறது. ஆகவே தகாதார் பட்டியல் காலத்தோடு கழிந்தது. கற்பிக்கும் விதி நிலைத்து நிற்கிறது.

இக்கோளாறு அண்மையில் புனையப்பட்டதோர் ஆங்கிலச் சொல் எனச் சிலர் எண்ணுவர். 1902ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், அறிவு குன்றாதிருந்தும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத பிள்ளைகளைப் பற்றி விரிவுரையாற்றினார். அவரும் அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறையென்றே கருதினார். அக்கருத்து மாறப் பல பத்தாண்டுகள் ஆயின. 1980இல் அமெரிக்க உளமருத்துவக் கையேடு கவனக்குறைவை முதன்மைப்படுத்திப் பெயரிட்டது. 1987இல் இன்றைய பெயர் வந்தது. ஒழுக்கக் குறை என்னும் பழி ஏட்டிலிருந்து நீங்கிற்று. வீடுகளிலிருந்து இன்னும் நீங்கவில்லை.

மூளை ஆய்வு ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. 2007ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தார், இக்கோளாறுடைய 223 பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை, இக்கோளாறற்ற பிள்ளைகளின் வளர்ச்சியோடு ஒப்பிட்டனர். ஏனைய பிள்ளைகளின் மூளைப் புறணி பெரும்பாலும் ஏழரை வயதளவில் எய்தும் தடிப்பினை இப்பிள்ளைகள் பத்தரை வயதளவில் எய்தினர். வளர்ச்சியின் வரிசை அதுவே. காலம் மட்டும் பிந்தியது. கவனத்தையும் அடக்கத்தையும் ஆளும் நெற்றிப்புறப் பகுதிகளில் அத்தாமதம் மிகுந்து காணப்பட்டது. பத்து வயதுச் சிறுவனிடம் பத்து வயதின் அடக்கத்தை எதிர்பார்க்கும் தந்தை இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. அவன் செய்ய மறுக்கிறான் எனத் தோன்றும் பல வேளைகளில், அவனால் இன்னும் செய்ய இயலவில்லை என்பதே உண்மை.

இது மேலைநாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. கோயம்புத்தூர் மாவட்டத்தில் நான்கு பள்ளிகளைச் சார்ந்த 6 முதல் 11 வயது வரையுள்ள 770 பிள்ளைகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குப் பதினொருவர்க்கு மேல் இக்கோளாற்றின் அறிகுறிகள் காணப்பட்டன. அவருள் மூன்றில் இரு பங்கினர் ஆண் பிள்ளைகள். ஒரு பங்கினர் பெண் பிள்ளைகள். பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு சொல் கூறல் வேண்டும். அவர்களுள் பலர் ஓடுவதில்லை, குதிப்பதில்லை. அமைதியாக அமர்ந்து கனவில் ஆழ்ந்திருப்பர். எவர்க்கும் தொல்லை தராமையின் எவர் கண்ணிலும் படுவதில்லை. 'மந்தம்' என்னும் ஒரு சொல்லோடு அவர்கள் கல்வி முடிந்துவிடுவதும் உண்டு.

காரணம் யாது? பரம்பரைக் கூறே இதில் மிகப் பெரும் பங்கு வகிக்கிறது. குறைமாதப் பிறப்பும், மிகக் குறைந்த பிறப்பு எடையும் வாய்ப்பைக் கூட்டும். தாயின் வளர்ப்பு இதற்குக் காரணமன்று. கண்டிப்பின்மையால் இது தோன்றுவதுமில்லை, கண்டிப்பால் மறைவதுமில்லை. ஆயினும் தொழிற்பகுதியில் வாழ்வோர் அறிந்திருக்க வேண்டிய ஒரு காரணம் உண்டு. அது ஈயம். சென்னைப் பள்ளிகளில் பயின்ற 3 முதல் 7 வயது வரையுள்ள 756 பிள்ளைகளின் குருதியைச் சோதித்து 2009இல் வெளியான ஆய்வில், ஈயத்தின் சராசரி அளவு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் என இருந்தது. ஈயம் மிகுந்த பிள்ளைகளிடம் கவனக்குறைவும் பதற்றமும் மிகுந்திருந்ததை அவர்தம் ஆசிரியர்களின் மதிப்பீடு காட்டியது. தீங்கற்ற ஈய அளவு என ஒன்று இல்லை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கருத்து. பழைய மின்கலம், உலோக உருக்கு, சாயம் ஆகிய தொழில்களில் ஈயத்தோடு பழகுவோர், பணியிடத்திலேயே குளித்து உடை மாற்றிய பின்னரே வீடு திரும்பிப் பிள்ளையைத் தொடுதல் வேண்டும். பணி உடையைப் பிள்ளையின் துணியோடு சேர்த்துத் துவைத்தலும் ஆகாது.

"எல்லாம் வினைப்பயன், நாம் என் செய்ய இயலும்?" என்னும் சொல் இல்லங்களில் எழுவதுண்டு. வினைக் கொள்கையை நன்கு அறிந்தோர் அவ்வாறு கூறார். அறிவு உயிரின் இயல்பு என்பதும், ஞானாவரணீய வினை அதனை மறைக்குமேயன்றி அழிக்காது என்பதும் சமணத்தின் அடிப்படை. முகில் மறைத்தமையால் கதிரவன் இல்லாது போவதில்லை. மறைப்பை நீக்க முயற்சி வேண்டும் என்பதற்கே அக்கொள்கை கூறப்பட்டது. முயலாமைக்குச் சாக்காக அன்று. அதனைக் கொண்டு ஒரு பிள்ளையின் முகத்தெதிரே பழி கூறுதல் மொழியால் செய்யும் இம்சையாகும். சிற்றுயிர் சாகாவண்ணம் நீரை வடிகட்டிப் பருகும் மரபினர், ஒரு பிள்ளையின் நெஞ்சு புண்படுமாறு நாள்தோறும் பேசுதல் தகுமா?

இனி, இக்கோளாற்றை அறியும் முறை. ஓடியாடும் பிள்ளையெல்லாம் இக்கோளாறுடைய பிள்ளையன்று. அறிகுறிகள் 12 வயதிற்கு முன்னரே தோன்றியிருத்தல் வேண்டும். ஆறு திங்களேனும் தொடர்ந்திருத்தல் வேண்டும். வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்படல் வேண்டும். பிள்ளையின் கல்வியையோ உறவையோ தடுத்திருத்தல் வேண்டும். வீட்டில் மட்டும் அடங்காத பிள்ளைக்கும், பள்ளியில் மட்டும் அடங்காத பிள்ளைக்கும் வேறு காரணம் இருக்கலாம். காது கேளாமை, பார்வைக் குறை, உறக்கக் குறை, இரத்தசோகை, சில நொடிகள் நினைவு தப்பும் வலிப்பு வகை, இல்லத்தில் நிகழும் பூசல், பள்ளியில் நிகழும் துன்புறுத்தல் ஆகியனவும் கவனக்குறைவு போலவே தோன்றும். எனவே தாய் காண்பது ஒரு கோணம். ஆசிரியர் காண்பது ஒரு கோணம். மருத்துவர் காண்பது ஒரு கோணம். மூன்றும் கூடினாலன்றி முழுமை புலனாகாது. அநேகாந்தத்தைத் தத்துவமாகக் கற்ற மரபினர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

சினமும் எதிர்ப்பும் மிகுந்த பிள்ளைகளும் உளர். சொன்னதற்கெல்லாம் மறுப்பு, பெரியோரிடம் வாதம், பிறர்மேல் பழி என ஆறு திங்களுக்கு மேல் நீடிப்பின் அது எதிர்ப்பு நடத்தைக் கோளாறாக இருக்கலாம். கவனக்குறைவுடைய பிள்ளைகளுள் பலரிடம் இதுவும் உடன் காணப்படும். எழுத்துப் பிழை மலிந்து, வாசிப்புத் தடுமாறுமாயின் கற்றல் குறைபாடும் உடனிருக்கலாம். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. உரிய சான்றிதழ் பெற்றால் தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகள் கிடைக்கும். ஆகவே ஒன்றைக் கண்டதும் மற்றதைத் தேடாது விட்டுவிடல் ஆகாது.

எங்குச் செல்வது? 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் மருத்துவக் குழு ஆராயும் 30 நிலைகளுள் இக்கோளாறும் ஒன்று. மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி நிலையங்களிலிருந்து மின்தொடர் வண்டியில் சென்னைக்குச் சென்றால், எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் உள்ளன. திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. எங்குச் செல்வதெனத் தெரியாத நிலையில் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். மனநல மருத்துவரிடம் சென்றால் பின்னாளில் திருமணம் தடைப்படும் என அஞ்சிக் காலம் தாழ்த்துவோர், படிப்பு இடையில் நின்ற பிள்ளையின் எதிர்காலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கன எளியவை. ஆனால் இடைவிடாமை வேண்டுபவை. ஒரு வேளையில் ஒரு கட்டளை மட்டும் கூறுக. தொலைவிலிருந்து கூவாது, அருகிற்சென்று, தோளைத் தொட்டு, கண்ணை நோக்கிக் கூறுக. அதனைத் திருப்பிச் சொல்லச் செய்க. ஒரு மணி நேரப் பாடத்தைப் பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்து, இடையில் நீர் மொண்டு வரவோ மாடிப்படி ஏறி இறங்கவோ விடுக. நற்செயலைக் கண்ட அந்நொடியே பாராட்டுக. மாத இறுதியில் மிதிவண்டி என்னும் வாக்குறுதி இப்பிள்ளையை இயக்காது, மாலையில் சுவரொட்டியில் இடும் ஒரு விண்மீன் இயக்கும். சிறு குறும்புகளைக் காணாதது போல் விடுக. தீங்கு விளைக்கும் செயலுக்கு மட்டும், முன்பே அறிவித்த சிறிய விளைவினை உடனே, சினமின்றி நிறைவேற்றுக. ஷிப்ட் மாறும் வீடுகளில் தந்தையின் உறக்கம் மாறினும் பிள்ளையின் உறக்க நேரம் மாறாதிருத்தல் வேண்டும். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. தந்தை உறங்கும் பகற்பொழுதில் பிள்ளையைக் கைப்பேசியால் அடக்காது, அண்டை வீட்டாரோடு முறை வைத்து வெளியில் விளையாட விடுதல் நலம்.

பள்ளியில் முதல் வரிசையில், சாளரத்தினின்று விலகிய இருக்கை தருதல், கரும்பலகையைத் துடைக்கவும் ஏடுகளை வழங்கவும் அவனை எழுப்புதல், வீட்டுப்பாடத்தின் அளவைக் குறைத்துத் தரத்தை நோக்குதல் ஆகியன ஆசிரியர் செய்யத்தக்கன. எழுந்து நடக்க வேண்டிய பிள்ளைக்கு நடப்பதையே பணியாகத் தந்துவிட்டால் அது குற்றமாகாது. பெற்றோர் ஆசிரியரிடம் குறை கூறச் செல்லாது, ஒரு சிறு குறிப்பேட்டோடு செல்க. இருவரும் அதில் நாள்தோறும் இரண்டு வரி எழுதினால் போதும்.

மருந்து பற்றிய அச்சம் பலர்க்கு உண்டு. ஆறு வயதிற்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் பயிற்சியே முதல் வழி. அதற்கு மேற்பட்ட வயதில், தேவையாயின் மருத்துவர் மருந்தும் தருவார். அமெரிக்காவில் 579 பிள்ளைகளைப் பதினான்கு திங்கள் தொடர்ந்து நோக்கி 1999இல் வெளியிட்ட ஆய்வு, முறையாகக் கண்காணித்துத் தரும் மருந்து கவனக்குறைவைக் குறைப்பதைக் காட்டியது. நடத்தைப் பயிற்சியும் சேர்ந்தபோது குறைந்த அளவு மருந்தே போதியதாயிற்று. இது தூக்க மருந்தன்று. மருத்துவர் சீட்டின்றி வாங்குதலும், தாமே நிறுத்துதலும் கூடா.

சமண இல்லங்கள் மருத்துவரிடம் தயங்காது கூற வேண்டியன இரண்டு. முதலாவது, காப்ஸ்யூல் உறைகள் பல விலங்கினின்று பெறும் ஜெலட்டினால் ஆனவை. மாத்திரை வடிவமோ தாவர உறையோ கிடைக்குமா எனக் கேட்டல் தவறன்று. இரண்டாவது, இரவுண்ணா நோன்பு. மெத்தில்பெனிடேட் போன்ற மருந்து, அதன் செயல் நீடிக்கும் பகற்பொழுதில் பசியை அடக்கும். மாலையில் செயல் குறைந்த பின்னரே பசி எழும். அப்பசி எழும்போது கதிரவன் மறைந்துவிட்டால் பிள்ளை பட்டினியாக உறங்க நேரிடும், எடையும் குறையும். மருந்து கொடுக்குமுன் காலையில் நிறைவான உணவும், கதிரவன் மறையுமுன் மற்றொரு முழு உணவும் அமையுமாறு மருந்தின் நேரத்தை மருத்துவரோடு கலந்து முடிவு செய்க. அவ்வாறு அமையாதெனின், வளரும் பிள்ளையின் உடல் நலமே முதன்மை பெறல் வேண்டும். நோன்பைப் பெரியோர் காக்கட்டும்.

ஜினாலயத்திலும் இப்பிள்ளைக்கு இடம் வேண்டும். நெடும் பூசையில் அசையாது அமர்ந்திருக்க அவனால் இயலாது. மலர்த்தட்டு ஏந்தவும், அபிடேக நீர் கொணரவும், வலம் வருவோர்க்கு வழிகாட்டவும் அவனை அமர்த்தினால் அவனும் வழிபட்டவனாவான். அவன் ஓடுவதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள், அவன் தாய் அடுத்த திருவிழாவிற்கு வாராமல் போவதற்குக் காரணமாவர். அத்தாயின் கையிலிருந்து அரைமணி நேரம் அவனை வாங்கிக்கொள்பவர் செய்வதும் தானமே.

தசலட்சண தருமம் பத்தனுள் முதலாவதாக வைத்து எண்ணப்படுவது உத்தம க்ஷமை. ஆண்டுக்கொரு நாள் உறவினரிடம் பொறுத்தருள வேண்டும் எனக் கைகூப்பும் வழக்கம் சமண இல்லங்களில் உண்டு. இவ்வாண்டு அவ்வணக்கத்தை வீட்டிலுள்ள இளையவரிடமிருந்து தொடங்கலாம். அடித்த கைக்காகவும் பழித்த சொல்லுக்காகவும் ஒரு தந்தை தன் மகனிடம் பொறுத்தருளக் கேட்டால், அவன் பெருமை குறைவதில்லை. மறுநாள் காலையில் அத்தந்தை செய்யவேண்டிய பணி ஒன்றே. பிள்ளையின் அருகிற்சென்று, தோளைத் தொட்டு, ஒரே ஒரு கட்டளையை மெல்லக் கூறி, அவன் அதனைச் செய்து முடிக்கும்வரை காத்திருத்தல்.